மகாராணியின் குக்கரைக் காணோம்

சிரித்ததற்காக என்னை ஓர் அரங்கிலிருந்து வெளியே அனுப்பினார்கள். கிள்ளானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, ஐம்பத்தேழு வயதுவரை யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் வாழ்ந்தவன் நான். அப்படிப்பட்டவனைத் தாம்பரத்துக்கு வரவழைத்து, ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னால் உட்காரவைத்து, சிரித்தான் என்று எழுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பியும் கோபம் ஆறவில்லை. எழுத்தில் எங்காவது குரல் உயர்ந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. மாதம் ஒருமுறை நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடி, எந்தத் தியேட்டரும் போடாத படங்களைப் போட்டுப் பார்ப்போம். அண்டர்கிரவுண்ட் படங்கள் என்பார்கள். அட்டையில் ஜிகினாத் தாளை ஒட்டி, இதுதான் அரண்மனை என்று கூசாமல் சொல்லும் படங்கள். மீசை வைத்த ஆண் புடவை கட்டிக்கொண்டு மகாராணியாக வருவார். பத்துப் பேர் அழவேண்டிய அழுகையை ஒருவரே அழுவார். அது மிகை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த மிகைக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் எதைக் கேலி செய்கிறார்கள் என்று பிடித்துவிட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பிடிக்காவிட்டால் தலைவலிதான்.

அப்படி ஒரு படம் எங்கள் கைக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் கௌசல்யா என்ற பெண் எடுத்தது. பெயர் ‘எட்டாம் மாடி மகாராணி’. எங்களுக்குக் கிடைத்தது முன்னோட்டம் மட்டும். முழுப்படத்தையும் கேட்டு எழுதினேன். “வர்ற வியாழக்கிழமை தாம்பரத்துல பெரிய ஸ்க்ரீன்ல போடுறாங்க அண்ணா, முடிஞ்சா வாங்களேன்” என்று பதில் வந்தது. மெட்ராசை நான் பார்த்ததே இல்லை. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு வெளியே என் பெயரை எழுதிய அட்டையுடன் ஒருவர் நின்றார். கட்டை மீசை, காக்கிச் சட்டை, காதில் ஒரு பீடி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்னோட்டத்தில் கிரீடம் வைத்துக்கொண்டு அழுத மகாராணி!

“டில்லிபாபுண்ணா. டில்லின்னு கூப்புடு. ஷேர் ஆட்டோ ஓட்டுறேன், தாம்பரம் டு மேடவாக்கம். வா, வண்டி அப்பால நிக்குது.”

எனக்காக மட்டும் வந்த வண்டி என்று நினைத்து ஏறினேன். பல்லாவரத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். குரோம்பேட்டையில் மூன்று பேர். என் பெட்டி ஒரு ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக ஓர் அம்மாள் புகார் செய்தார். “பெட்டிக்கும் டிக்கெட்டு வாங்குப்பா” என்றார் என்னைப் பார்க்காமலே. டில்லி பின்னால் திரும்பி, “வெளிநாட்டு கெஸ்ட்டும்மா” என்றார். “கெஸ்ட்டுன்னா மடியில வெச்சுக்கச் சொல்லு” என்றார் அம்மாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

அதோடு போகவில்லை. டில்லியின் வண்டி இந்தத் தடத்தில் ஓடக்கூடாதாம். சானடோரியம் நிறுத்தம் தாண்டியதும் இன்னொரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. “இன்னா டில்லி, உன் ரூட்டு வுட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீற?” என்று ஆரம்பித்த சண்டையில் நான் மலேசியா என்பதும், டில்லி ஒரு படத்தில் மகாராணி என்பதும் சாலைக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் எதிராளி என்னிடம் வந்து, “சார், இவரு மெய்யாலுமே படத்துல கீறாரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நானும் நல்லா அழுவேன் சார்” என்று சொல்லிவிட்டு வழிவிட்டார். கிள்ளானில் ரயில் வரவில்லையென்றால் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அங்கே யாரும் யாரிடமும் தன் அழுகையைப் பற்றிச் சொல்லமாட்டார்கள்.

மறுநாள் காலை மேற்குத் தாம்பரத்தில் லாட்ஜுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் இட்லியும் வடகறியும் தின்றேன். வடகறி என்ற பொருளை எங்கள் ஊரில் ஏன் யாரும் கொண்டுவரவில்லை என்பது ஒரு தனிக் கோபம். அதை இங்கே எழுத இடமில்லை. பிறகு டில்லியின் வண்டியிலேயே கேம்ப் ரோடு, சேலையூர், மேடவாக்கம் வழியாகப் பெரும்பாக்கம் போனோம்.

கௌசல்யாவை, அங்கே எல்லாருக்கும் கௌசி, அப்போதுதான் நேரில் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் வயது. மேடவாக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. இருபது வயதுவாக்கில் ஆற்றோரத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து விடப்பட்டவள். வீடு எட்டாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஆறாம் மாடியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “இங்கதான் அண்ணா எல்லாரும் நிப்பாங்க. கதையே இங்கதான் கெடச்சுது” என்றாள்.

வீட்டில் மடிக்கணினியைத் தரையில் வைத்து முழுப்படத்தையும் காட்டினாள். கதை இவ்வளவுதான்: எட்டாம் மாடியில் ஒரு மகாராணி. அவள் ராஜ்யத்துக்கு ஒரே ஒரு லிஃப்ட். அது நின்றுபோகிறது. மகாராணி அதன் கதவுக்கு முன்னால் செங்கோலை ஊன்றி, “யாரங்கே! எம் ஆணையை மீறி நிற்கும் இவ்விரும்புப் பெட்டி இன்னாத்துக்கு இன்னும் கெளம்பல?” என்று கர்ஜிக்கிறாள். சிற்றரசர்கள் கப்பமாகத் தண்ணீர் கேன் சுமந்து மாடியேறி வருகிறார்கள். கொசுப்படை வருகிறது, மகாராணி கொசு அடிக்கும் மின்சார பேட் ஒன்றை வாளாகச் சுழற்றிப் போர் புரிகிறாள். சிம்மாசனம், ஜிகினா சுற்றிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

கடைசியில் மகாராணி இறக்கிறாள். அந்தச் சாவைப்போல ஒரு சாவை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. மாடிப்படியில் சரிந்து கிடக்கிறாள். “என் மக்களே... நான் போகிறேன்...” என்று தொடங்குகிறாள். உள்ளே அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. “ஒண்ணு” என்று விரலை நீட்டி எண்ணிவிட்டு மறுபடி சாகிறாள். மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு நாட்டை ஒப்படைக்கும்போது இரண்டாவது விசில். “ரெண்டு.” மூன்றாவது விசில் வராமல் இழுக்கிறது. உயிர் போகவேண்டும், ஆனால் பருப்பு குழைந்துவிட்டால்? ஒரு கண்ணைத் திறந்து சமையலறைப் பக்கம் பார்க்கிறாள். மந்திரி அழுகிறார். விசில் வருகிறது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, வந்து, அதே படியில், அதே கோணத்தில் விழுந்து சாகிறாள்.

கண்ணில் நீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியதாயிற்று. டில்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓகேவாண்ணா?”

“இதுக்குப் பேரு ஆங்கிலத்துல கேம்ப்” என்று விளக்கத் தொடங்கினேன்.

“கேம்ப்புன்னா, கண்ணு கேம்ப்பாண்ணா? நீ அதானே நடத்துவ?”

“அது வேற. இது ஒரு மிகைப் பாணி. அண்டர்கிரவுண்ட் படங்கள்ல...”

“நாங்க எட்டாவது மாடிண்ணா. அண்டர்கிரவுண்டுல தண்ணி மோட்டாருதான் கீது.”

என் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

அன்று கௌசி இன்னொரு செய்தியும் சொன்னாள். தாம்பரத்தில் திரையிடுகிறவர்கள் வழியாக இந்தப் படம் ஐரோப்பாவில் ஒரு விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறது. அவளும் டில்லியும் போகலாம். எல்லாச் செலவும் விழாக்காரர்களுடையது. டில்லி ஏற்கெனவே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டார். ஸ்வெட்டர் ஒன்றும் வாங்கி, அதன் நெகிழி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். பிளாக் முழுக்கத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை. கேம்ப் ரோடுக்குப் பக்கத்தில், முதல் மாடியில், குளிரூட்டப்பட்ட சின்ன அரங்கு. எண்பது பேர் இருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஐம்பது வயதுக்காரர், மெல்லிய குரல், கதர்ச் சட்டை. மேடையேறி, “இது ஒரு வலியின் ஆவணம். நகரம் தூக்கி எறிந்த மனிதர்களின் கதறல். பார்வையாளர்கள் அமைதி காத்து இந்த வலிக்கு மரியாதை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்றார். விளக்கு அணைந்தது.

மகாராணி லிஃப்டின் முன் கர்ஜித்தாள். நான் சிரித்தேன். எண்பது தலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. கடைசி வரிசையில் டில்லி மட்டும் க்ளுக் என்றார். எனக்குப் பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அந்த மீசையைப் பார். ஆணாதிக்கத்தின் சுமையை அந்தப் பெண் தன் முகத்திலேயே சுமக்கிறாள்.” “ஆமாம், தாங்கமுடியவில்லை.” டில்லி அந்த மீசையை மழிக்காததற்குக் காரணம், அவர் மனைவி விடவில்லை. என்னிடம் அவரே சொன்னார்.

கொசுப்போர் வந்தது. நான் சத்தமாகவே சிரித்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளம்பெண் இருட்டில் குனிந்து வந்து, “சார், கொஞ்சம் சென்சிட்டிவ்வா இருங்க ப்ளீஸ்” என்றாள்.

“ஏன்மா, காமெடிக்குச் சிரிக்கக்கூடாதா?”

“இது காமெடி இல்ல சார். மத்தவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகுது.”

அடுத்தது தண்ணீர் கேன் கப்பம். ஒரு சிற்றரசர் இரண்டு கேன்களோடு ஏறி வந்து, மூச்சு வாங்கி, பேசவேண்டிய வசனத்தை மறந்து, “இந்தா” என்று மட்டும் சொல்கிறார். என்னால் அடக்கமுடியவில்லை. இந்தமுறை இரண்டு பேர் வந்தார்கள். “சார், கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணுங்க” என்று கையைத் தொட்டு எழுப்பினார்கள். எண்பது பேர் பார்க்க, வெறுங்காலோடு நடந்து வெளியே போனேன்.

வராந்தாவில் ஒரு தண்ணீர்க் குவளையும் நானும். கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகத் திரை தெரிந்தது. மகாராணி படியில் சரிந்தாள். “ஒண்ணு” வரப்போகிறது என்று காதைத் தீட்டினேன். வரவில்லை. ஒரு வயலின் இழுத்தது. நீளமாக, குளிர்காலத்து நாய்போல இழுத்தது. மகாராணி, “என் மக்களே...” என்றாள், முகம் நெருக்கத்தில் வந்தது, கண் மூடியது, திரை கறுத்தது. விசில் இல்லை. விரல் இல்லை. எழுந்துபோய் அடுப்பை அணைக்கவில்லை. என் டில்லியைக் கொன்றுவிட்டார்கள்!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கேள்வி நேரம் தொடங்கியிருந்தது. மேடையில் ஒருங்கிணைப்பாளரும் பக்கத்தில் கௌசியும்.

“உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார் அவர்.

“சார்... குக்கர காணோம் சார்” என்றாள் கௌசி.

“குக்கரா?”

“மூணு விசில் வரும் சார். அத எடுத்துட்டீங்களா?”

“அதுவா. அது பார்வையாளர்களைத் திசைதிருப்பியது. இறுதி வடிவத்தில் கொஞ்சம் செதுக்கினோம். விழாக்காரர்களுக்கும் இந்த வடிவம்தான் பிடித்தது.”

“எங்கிட்ட கேக்கவே இல்லியே சார்.”

அங்கேதான் நான் குறுக்கிட்டேன். “விசில் எங்கே?” என்று கத்தினேன். பாதிப் பேர் நான் விசிலடிக்க அனுமதி கேட்பதாக நினைத்திருப்பார்கள். அடுத்துப் பேசியது எனக்கே முழுதாக நினைவில்லை. சிரிப்பு ஏழைகளுக்குச் சேராத ஆடம்பரமா என்று கேட்டேன். அவர்கள் அழுதால்தான் உங்களுக்குப் படமா என்று கேட்டேன். ஒருவர் செய்த படத்தை வெட்ட நீங்கள் யார் என்று கேட்டேன். கடைசியில் மிகைப் பாணியின் வரலாறு என்று ஒன்றைத் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கி நின்றேன்.

ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு சொன்னார்: “சார், நீங்கள் நாலு நாள் இருந்துவிட்டுப் போவீர்கள். நான் பல வருடமாக அந்த மாடிப்படிகளைப் பற்றி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. எல்லாரும் சிரித்துவிட்டுப் போனால் அந்த லிஃப்டை யார் சரிசெய்வார்கள்?”

அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நியாயம் இருப்பவர் குக்கரை எடுக்கலாமா?

கீழே தேநீர்க் கடையில் கௌசி மூன்று தேநீர் சொன்னாள். பேசியது டில்லி. அதுவும் என்னை.

“நீ இன்னாத்துக்குண்ணா நடுவுல பூந்த? அவுரு பேஜாராயிட்டாரு. இப்ப டிக்கெட்டு கேன்சலுன்னா?”

“உங்க படத்தைக் கெடுத்துட்டாங்க டில்லி!”

“கெடுக்கட்டும்ணா. பாரின்ல யாருக்கு தெரியும் குக்கரு? நான் இந்த மெட்ராச தாண்டி எங்கயும் போனதில்ல. நீ பிளேன்ல வந்து எறங்கி கோவப்படுற. எனக்கு அந்தப் பிளேனே இன்னும் வரல.”

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு.

வெள்ளிக்கிழமை கௌசி பல்லாவரம் சந்தைக்குப் போகவேண்டியிருந்தது. நானும் போனேன். பழைய மின்விசிறி, உடைந்த கிட்டார், ரோஜாச்செடி, கோழிக்குஞ்சு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், எல்லாம் தரையில் கிடந்தன. எங்கள் ஊரின் இரவுச் சந்தையில் எல்லாம் புதிது, எல்லாம் ஒரே மாதிரி. இங்கே எதுவும் இன்னொன்றுபோல இல்லை. கௌசியின் அரண்மனை முழுக்க இங்கிருந்துதான் போயிருக்கிறது. துணி விற்கும் ஒரு பாய் அவளைப் பார்த்ததும், “வாம்மா, மகாராணிக்குப் புதுசா ஜரிகை வந்திருக்கு. நாடகக் கம்பெனி சரக்கு” என்று மூட்டையைப் பிரித்தார். வாங்கவில்லையென்றாலும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கடைசியில் ஒரு துண்டு ஜரிகையைச் சும்மாவே கொடுத்தார். அவர் கட்டாயப்படுத்திப் பக்கத்துக் கடையில் எங்களுக்கு பிரியாணி வாங்கித் தந்தார். கத்தரிக்காய்த் தொக்கு நாக்கைச் சுட்டது.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது கேட்டேன். “நீ என்னம்மா முடிவு பண்ணியிருக்கே? அவங்களை விடக்கூடாது.”

“உங்களுக்குக் கோவம் வந்தா கத்திட்டுப் போயிரலாம் அண்ணா. நான் டில்லிண்ணனுக்குப் பதில் சொல்லணும்.” எலும்பை ஓரமாக ஒதுக்கினாள். “எங்கள இங்க கொண்டாந்து விட்டப்ப எங்கம்மா அழுதுக்கிட்டே இருந்துச்சு. பேப்பர்லேர்ந்து வந்து போட்டோ எடுத்தாங்க. அந்த ஒரு போட்டோதான் எங்கம்மாவுக்கு. சிரிச்சா மாதிரி ஒண்ணுமே இல்ல. அந்த விசிலு எங்கம்மாதான் அண்ணா. செத்துப்போற அன்னிக்கும் பருப்ப பாருடின்னுச்சு.”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

கை கழுவிவிட்டு அங்கேயே, கோழிக்குஞ்சுச் சத்தத்துக்கு நடுவில், ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தாள். “சார், விசில் வெச்சா நாங்க வர்றோம். இல்லன்னா படம் வேணாம் சார். இல்ல சார், கோவம்லாம் இல்ல. படத்துல அது இருக்கணும், அவ்ளோதான்.” மறுநாள் பதில் வந்தது. விழாக்காரர்கள் தேர்ந்தெடுத்தது அந்த வடிவத்தை மட்டுமாம். வருந்துகிறார்களாம். இந்த வருந்துதலைத்தான் என்னால் சகிக்கமுடியவில்லை. விசிலையும் எடுத்துக்கொண்டு, பயணத்தையும் எடுத்துக்கொண்டு, வருத்தத்தையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள்.

டில்லி போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை கௌசியும் நானும் மேடவாக்கம் ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கே போனோம். வண்டியில் ஆள் நிரம்புவதற்காகக் காத்துக்கொண்டு, கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வயலின் வடிவம். குக்கரை வெட்டிய படத்தை அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

“டில்லிண்ணா, மன்னிச்சுக்கோ. வேணாம்னு சொல்லிட்டேன்” என்றாள் கௌசி.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நேத்துலேர்ந்து நாலு தபா பாத்துட்டேன். இதுல நான் மெய்யாலுமே செத்துப்பூட்டேன்” என்றார். “என் பொண்டாட்டி பாத்துட்டு ஒரே அழுவ. இன்னாயா இப்டி செத்துட்டன்னு கேக்குது. நடிப்புடின்னா நம்ப மாட்டேங்குது.”

“உனக்குக் கோவம் இல்லியா?” என்றாள் கௌசி.

“கோவம்தான். அந்த ஸ்வெட்டர இன்னா பண்றது? இங்க போட்டா வெந்துருவேன்.” வண்டியில் கடைசி ஆளும் ஏறினார். டில்லி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். “நாளிக்கு நம்ம பிளாக்குல போடு கௌசி. நம்ம படத்த. நான் ஒயரு கொண்டாறேன்.” என்னைப் பார்த்து, “நீ கோவப்பட்டது தப்பில்லண்ணா. ஆனா ரொம்ப நேரம் பேசிட்ட” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, பொழுது இருட்டியதும், இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். கல்யாண ஸ்டுடியோவின் புரொஜெக்டர். சுண்டல் வண்டிக்காரர் முதல் ஆளாக வந்து நல்ல இடம் பிடித்தார். பால்கனிகளில் ஆட்கள் நிறைந்தார்கள். முன்னுரை யாரும் கொடுக்கவில்லை. மகாராணி கர்ஜித்ததும் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல், “சவுண்டு வை!” என்றது.

எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுத ஆசைதான். முதலில் அப்படியில்லை. “நம்ம பிளாக்க கேவலப்படுத்துறியா?” என்று ஒரு பெரியவர் எழுந்து நின்றார். குப்பையைக் காட்டவேண்டுமா, தண்ணீர்க் கேனைக் காட்டவேண்டுமா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல நான் எழுந்தேன். கௌசி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். கொசுப்போர் வந்தபோதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் பேட் ‘பட்’ என்று பொரிந்த ஒவ்வொரு தடவையும் அவர் தோள் குலுங்கியது. கடைசியில் குக்கர் விசிலடித்தது. மகாராணி விரலை நீட்டுவதற்கு முன்பே மாடிகள் அத்தனையும் சேர்ந்து “ஒண்ணு!” என்றன. இரண்டாவது விசிலுக்குச் சுவர்கள் அதிர்ந்தன. மூன்றாவது தாமதித்தபோது ஒரு பெண், “யக்கா, வெயிட்டு சரியா போடல, பாரு!” என்று மகாராணியைப் பார்த்துக் கத்தினாள். பெரியவர் உட்கார்ந்து வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டில்லி வேட்டித் திரைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தப் பயணம் போனதற்கு இது ஈடாகுமா என்று அவரிடம் கேட்கவில்லை. ஆகாது.

படம் முடிந்ததும் எழுபது கிலோவுக்குக் குறையாத ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆறாம் மாடி அமுலு அக்கா என்றார்கள். நேராகக் கௌசியிடம் போனார்.

“ஏய், இந்த டில்லி என் வூட்டு வாசல்ல குந்திக்கினு செத்துக்கினே இருந்தானே, அன்னிக்கு நான் எவ்ளோ திட்டினேன்? படத்துல ஒரு வார்த்தகூட வர்ல. எங்க அது?”

“அக்கா, அது பின்னாடி சவுண்டு ஓவரா இருந்துச்சுக்கா. கட் பண்ணிட்டேன்.”

“கட் பண்ண நீ யாருடி?”

நான் அமுலு அக்காவின் பக்கம் நின்றேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். திட்டு முழுதாக வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தார். இரண்டாம் பாகம் எடுத்துவிடலாம், நாளைக்குக் காலையிலேயே தொடங்கலாம் என்று கௌசி ஒப்புக்கொண்டாள். அதில் மகாராணியைப் பார்க்க ஒரு வெளிநாட்டுத் தூதர் வருவாராம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கு நடிக்கத் தெரியாது.”

“நீங்க நடிக்கவேணாம் அண்ணா. வியாழக்கிழமை ஹால்ல நின்னீங்களே, அந்த மூஞ்சி போதும்.”

மறுநாள் மாலையில் எனக்கு விமானம். காலையில் என் சட்டைக்குக் குறுக்கே பாய் கொடுத்த ஜரிகையைக் கட்டி, ஆறாம் மாடிப் படியில் நிறுத்தினார்கள். எதிரே அமுலு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். வசனம் என்று எதுவும் எழுதித் தரவில்லை.

“இன்னாயா, வெளிநாட்டுலேர்ந்து வந்துகீறியே” என்று ஆரம்பித்தார் அக்கா. “எங்க லிஃப்ட்டுக்கு இன்னா கொண்டாந்த?”

“நான் எதுக்கும்மா லிஃப்டுக்குக் கொண்டுவரணும்?”

“பின்ன சும்மா வேடிக்க பாக்க வந்தியா? எங்க மகாராணி செத்துச் செத்துப் பொழைக்கிறா, நீ கைய வீசிக்கினு வருவியா? தூதராம் தூதரு. உன் ஊர்ல இன்னா வேல பாக்குற?”

“கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்” என்றேன். குரல் நானே கேட்டிராத உயரத்துக்குப் போயிருந்தது. “மூக்குக் கண்ணாடி!”

“கண்ணாடி விக்கிறவனா?” அக்கா ஒரு படி மேலே ஏறி என் முகத்துக்கு நேராக வந்தார். “அப்ப கண்ணு நல்லாத் தெரியணுமே. இத்தினி நாளா இந்த லிஃப்ட்டு நின்னுக்கினு கீறது உனக்குத் தெர்லியா?”

எனக்கு அசல் கோபம் வந்தது. இது என் நாடா, நான் கட்டிய கட்டடமா, நான் யாருக்கு என்ன செய்தேன் என்று கிள்ளான் தமிழில் கத்தினேன். அக்கா அசையாமல், “கத்து, கத்து. அப்டியே லிஃப்ட்ட பாத்தும் கத்து” என்றார். திரும்பி, மூடிய இரும்புக் கதவைப் பார்த்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். மேலேயும் கீழேயும் மாடிப்படிகளில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

“கட்!” என்றாள் கௌசி. “ஒரே டேக்ல முடிச்சுட்டீங்க அண்ணா!”

நான் நடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்பதற்கு யாரும் இல்லை. அடுத்த ஷாட் எட்டாம் மாடியில். சிவப்பு நாற்காலியின் பின்பக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மகாராணிப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியபடி டில்லி படியேறத் தொடங்கிவிட்டார்.